பழைய பிக்கப்பைச் சுமை வேலைக்குத் தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் பல வீடுகளின் பின்புறத்தில் ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸோ மிட்சுபிஷி ஸ்டோர்மோ புல் மூடிக் கிடக்கும். திடீரென ஒரு நாள் மகனுக்கோ மருமகனுக்கோ, இதை எடுத்து ஓட்டினால் என்ன என்று தோன்றும். வீடு புதுப்பிக்கும் வேலை, புல் வெட்டும் குத்தகை, சந்தைக் காய்கறி, படகு இழுப்பது என்று ஆளுக்கொரு கணக்கு. வந்து கேட்கிற சந்தேகங்கள் மட்டும் எல்லோருக்கும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த டீசல் மேனுவல் வண்டிகளை மனத்தில் வைத்துச் சொன்ன பதில்கள் இவை.

"அண்ணே, அஞ்சு வருசமா ஓட்டாம கிடக்குது. புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவா?"

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். முதலில் எஞ்சின் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, அதோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். ஆயில் சரியாக இருந்தால் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தாலும் சீராகச் சுற்றினால் நல்லது. ஓரிடத்தில் முட்டி நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள், போமனை (மெக்கானிக்கை) கூப்பிடுங்கள்.

அடுத்தது டாங்கி. நின்றுபோன டீசலில் தண்ணீர் அடியில் தங்கும், அந்தத் தண்ணீரில் கிருமி வளர்ந்து கறுப்புச் சளியாகும். டாங்கியின் அடியிலிருக்கும் போல்ட்டைக் கழற்றி ஒரு வாளியில் வடித்துப் பாருங்கள். எது வருகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். டாங்கியைக் கழுவி, புது ஃபில்டர் போட்டு, ஃபில்டர் தலையிலுள்ள கைப் பம்பை அழுத்திக் காற்றை எடுத்த பிறகு பேட்டரியை மாட்டலாம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்க மறக்காதீர்கள். எலிக்குப் பிடித்த இடம் அது.

ஸ்டார்ட் ஆகிவிட்டால் உடனே ஒரு ரவுண்டு போய்வரக் கை அரிக்கும். பிரேக் பார்க்காமல் வாசலைக்கூடத் தாண்டாதீர்கள்.

"கிரான் இன்னும் அப்பா பேர்ல இருக்கு. அப்பா தவறிட்டாரு. ரிப்பேர் முடிச்சுட்டு மாத்திக்கலாம்தானே?"

தலைகீழாகச் செய்கிறீர்கள். கிரான் (வண்டியின் பதிவுப் பத்திரம்) காலமானவர் பெயரில் இருந்தால், அதை மாற்ற, வாரிசு இவர்தான் என்று காட்டும் பத்திரம் வேண்டும். நீதிமன்றம் வழியாகவோ அரசு அறங்காவல் நிறுவனமான அமானா ராயா வழியாகவோ அதை வாங்க வேண்டும், அதற்கு நாளாகும். உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ளவும் வேண்டும். நீங்கள் ஆயிரக்கணக்கில் வெள்ளியைக் கொட்டி வண்டியைப் பளபளவென்று நிறுத்திய பிறகுதான் சில அண்ணன் தம்பிகளுக்கு அப்பா ஞாபகம் வரும்.

பெயர் மாற்ற, வண்டிச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் பி5 என்ற சோதனையும் உண்டு. அதில் சேஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் கிரானோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதனால் ரிப்பேருக்கு முன்பே துருவைச் சுரண்டி அந்த இரண்டு எண்களையும் நீங்களே படித்துப் பாருங்கள். எண் துருவில் அரித்துப் போயிருந்தாலோ, யாரோ முன்பே எஞ்சினை மாற்றிவிட்டு ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) பதியாமல் விட்டிருந்தாலோ, அதைத் தீர்த்த பிறகு செலவு செய்யுங்கள்.

"எஞ்சின் நல்லா இருக்கு, பாடிதான் துரு. அது பரவாயில்லதானே?"

எந்தத் துரு என்று பார்க்க வேண்டும். கதவிலும் பின் தொட்டியிலும் உள்ள துரு அழகுப் பிரச்சினை. சேஸில் உள்ள துரு உயிர்ப் பிரச்சினை. பினாங்கில் கடல் காற்று, அதோடு மீன் ஏற்றிய வண்டி என்றால் உப்புத் தண்ணீரும் சேர்ந்து ஊறியிருக்கும்.

ஒரு சின்னச் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் போங்கள். பின் ஆக்ஸிலுக்கு மேலே சேஸ் வளைகிற இடம், லீஃப் ஸ்பிரிங் சேஸோடு மாட்டியிருக்கும் தாங்கிகள், பின் தொட்டி உட்காரும் இடங்கள் மூன்றையும் தட்டுங்கள். நல்ல இரும்பு ‘டிங்’ என்று கேட்கும், அரித்த இரும்பு ‘டப்’ என்று அமுங்கிக் கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். சேஸ் பெட்டி வடிவம், துரு உள்ளிருந்து வெளியே வரும். மேலே கறுப்பு பெயிண்ட் புதிதாக மின்னினால் இன்னும் பலமாகத் தட்டுங்கள்.

கையளவு இடம் என்றால் அரித்ததை வெட்டியெடுத்து, நல்ல கனத் தகடு வைத்து, சேஸ் வேலை தெரிந்த வெல்டரிடம் போடலாம். ஸ்பிரிங் தாங்கியைச் சுற்றிலும் ஓட்டை என்றால் அந்த வண்டி சுமைக்கு ஆகாது. பாகங்களாக விற்றுவிடுங்கள். இதைச் சொன்னால் பலருக்கு முகம் மாறும். மாறட்டும்.

"டைமிங் பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு தெரியாது. மாத்தித்தான் ஆகணுமா?"

ஆமாம். எப்போது மாற்றினார்கள் என்று தெரியாது என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஹைலக்ஸின் 2.8 லிட்டர் 3எல், 3.0 லிட்டர் 5எல் இரண்டும் பெல்ட் எஞ்சின்கள். ஸ்டோர்மில் வரும் 2.5 லிட்டர் 4டி56ம் பெல்ட்தான். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும். 4டி56இல் பேலன்ஸ் ஷாஃப்டுக்குத் தனியாக ஒரு சின்ன பெல்ட் உண்டு. அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கியும் எஞ்சின் போகும். இரண்டையும் சேர்த்து, டென்ஷனர் பேரிங்கோடு மாற்றுங்கள்.

"புகை அடிக்குது. நோசில் மாத்தச் சொல்றாங்க. உண்மையா?"

நிறத்தைப் பாருங்கள். ஏறும்போது கறுப்புப் புகை வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு: முதலில் மலிவான ஏர் ஃபில்டர், அப்புறம்தான் டீசலைத் தெளிக்கும் நோசில். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, அது பெரிய வேலை. காலையில் மட்டும் வெள்ளையாக வந்து சூடானதும் நின்றால், ஸ்டார்ட் செய்ய உள்ளே சூடாக்கும் குளோ பிளக்கைப் பாருங்கள். சூடான பிறகும் வெள்ளை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டோ ஹெட்டோ போயிருக்கலாம். 4டி56இன் ஹெட் வெடிப்பதற்குப் பேர்போனது.

"சூடு ஏறுதுன்னு போமன் தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிட்டாரு. இப்ப நல்லா இருக்கு. சரிதானே?"

வெறும் வண்டியில் நல்லா இருக்கும். சுமை ஏற்றினால் தெரியும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழியையும் அதுவே அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாது. சும்மா ஓடும்போது எஞ்சின் போதிய சூடு ஏறாமல் ஆயிலும் டீசலும் வீணாகும், மேடு ஏறும்போது அதே எஞ்சின் கொதிக்கும்.

சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. வருஷக்கணக்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றியதால் அடைத்த ரேடியேட்டர், தளர்ந்துபோன ஃபேன் கிளட்ச், ஊறிப்போன ஹோஸ். ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்துச் சுத்தம் செய்து, கூலண்ட் ஊற்றி, புதுத் தெர்மோஸ்டாட் போடுங்கள். இந்தச் சுற்றில் அதுதான் விலை குறைந்த பொருள்.

"ஓவரால் பண்றதா, ஹாஃப்கட் எஞ்சின் வாங்குறதா?"

பிளாக் நன்றாக இருந்து, அந்த எஞ்சினைத் தெரிந்த போமனும் கிடைத்தால் ஓவரால், அதாவது எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பது. அவசரம் என்றால் ஹாஃப்கட், அதாவது வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டி இறக்கிய பழைய வண்டியின் எஞ்சின். ஹாஃப்கட் வாங்கினால் கடைக்காரரிடம் பில்லையும் சுங்க ஆவணத்தையும் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் எண் மாறுவதால் ஜேபிஜேயில் பதிய வேண்டும். அவை இல்லாமல் ‘அப்புறம் தர்றேன்’ என்றால் அந்த அப்புறம் வரவே வராது. ஆல்டர்னேட்டரும் கூடவே வருகிறதா என்று பாருங்கள், காரணம் அடுத்த பதிலில்.

"பிரேக் பிடிக்குதே, அதுல என்ன செலவு பண்ணணும்?"

வெறும் வண்டியை நிறுத்துவது வேறு, ஒரு டன் ஏற்றிய வண்டியை நிறுத்துவது வேறு. நின்றுபோன வண்டியில் பின் டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் இறுகியோ ஒழுகியோ இருக்கும். டிரம்மைக் கழற்றி ரப்பர் மூடியை விலக்குங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் பிரேக் ஆயிலையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளைச் சேர்த்தே பாருங்கள்.

பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தால் பூஸ்டர் (பிரேக் மிதிப்பதைச் சுலபமாக்கும் பாகம்) போய்விட்டது என்று சொல்லிப் பூஸ்டரை விற்பார்கள். பழைய டீசலில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்யூமை ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பம்ப்தான் தருகிறது. யாரோ மலிவாகக் கிடைத்தது என்று பம்ப் இல்லாத ஆல்டர்னேட்டரை மாட்டியிருப்பார்கள், அல்லது ஹோஸ் வெடித்திருக்கும். பூஸ்டருக்குப் போகும் ஹோஸை எடுத்து விரலால் மூடுங்கள். எஞ்சின் ஓடும்போது விரலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சவில்லை என்றால் பூஸ்டரைக் குறை சொல்லாதீர்கள்.

"டயர்ல பூ நிறைய இருக்கு. மாத்தணுமா?"

பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. வெயிலில் நின்ற டயர், பூ (மேலே உள்ள பள்ளக் கோடுகள்) இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும். சுமையோடு வெடித்தால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

வாங்கும்போது கார் டயர் வேண்டாம். 195ஆர்14சி 8பிஆர் போல, அளவுக்குப் பின்னால் சி எழுத்து இருக்கும் லோரி ரகம் கேளுங்கள். அந்த அளவில் 106/104 என்று போட்டிருந்தால் ஒற்றை டயராக ஒன்று 950 கிலோ தாங்கும் என்று பொருள், அதுவும் அதற்குரிய முழுக் காற்று இருந்தால்தான்.

"பின் தொட்டி நிறைய மணல் அடிக்கலாமா?"

கூடாது. கணக்கைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் காய்ந்த மணலே ஏறக்குறைய 1.6 டன், மழையில் நனைந்தால் இன்னும் மேலே. ஒன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரத் தொட்டி நிறைந்தால் 0.9 கன மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை டன். இந்த ரக வண்டிகள் ஏறக்குறைய ஒரு டன்னுக்குச் செய்தவை. தொட்டியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போனதும் நிறுத்துங்கள். சிமெந்து என்றால் கணக்கு எளிது: 50 கிலோ மூட்டை 20 போட்டால் ஒரு டன். ஆள் இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்தால் மூன்று மூட்டையைக் குறையுங்கள்.

உங்கள் வண்டியின் சரியான அளவு வேண்டுமென்றால், சுமையோடு சேர்ந்த அனுமதி எடையிலிருந்து வெறும் எடையைக் கழியுங்கள். வேலை வண்டிகளின் கதவில் இந்த இரண்டையும்தான் எழுதியிருப்பார்கள்.

"ஸ்பிரிங்ல ரெண்டு பட்டை சேர்த்துட்டேன். இப்ப பின்னால இறங்குறதே இல்ல. ஒன்றரை டன் போடலாம்ல?"

போட முடியாது. பட்டை சேர்த்தால் ஸ்பிரிங் மட்டும்தான் பலமாகிறது. ஆக்ஸில், வீல் பேரிங், டயர், பிரேக், சேஸ் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. வண்டிக்கு அடியில், பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் சேஸில் ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று ஆக்ஸிலுக்குப் போகும். சுமை ஏறி வண்டி பின்னால் தாழும்போது அந்தக் கம்பி நகர்ந்து, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் போக விடும். வெறும் வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாதிருக்க அழுத்தத்தைக் குறைக்கும். நீங்கள் பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கிவிட்டதால், ஒரு டன் ஏற்றிய பிறகும் வால்வு ‘வண்டி காலி’ என்றே நினைக்கும். பின் பிரேக் அரைகுறையாகப் பிடிக்கும். சுமை வேலையெல்லாம் முன் பிரேக்கின் தலையில் விழும்.

பட்டை சேர்த்தே ஆக வேண்டுமென்றால் ஒன்றோடு நிறுத்துங்கள், ஆக்ஸில் பக்கம் கம்பி மாட்டும் இடத்தை வண்டி உயர்ந்த அளவுக்கு உயர்த்தி வால்வைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் அந்தக் கம்பி துருவில் இறுகியோ, கழற்றிக் கம்பியால் கட்டியோ கிடக்கும். போமன்கள் பலரும் அந்தப் பக்கம் குனிந்தே பார்ப்பதில்லை.

"தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலுக்கு ஆயிரம் லிட்டர் டாங்க் ஏத்திக்கிட்டு வாட்டர்பால் ரோடு போகலாமா?"

ஆயிரம் லிட்டர் தண்ணீர் சரியாக ஒரு டன். டாங்க்கின் எடை, மேலே ஏறி உட்காரும் தம்பிகள் எல்லாம் கூடுதல். மணலுக்குச் சொன்ன கணக்கில் இது எல்லையைத் தாண்டிவிடும். பாதி நிரப்பினாலும் தொல்லை: தடுப்பு இல்லாத டாங்க்கில் தண்ணீர் முன்னும் பின்னும் அலையடித்து, பிரேக் போடும்போது வண்டியைத் தள்ளும். 200 லிட்டர் பீப்பாய் மூன்றை முழுதாக நிரப்பி, மூடி, தொட்டியின் முன்பக்கம் ஒட்டிக் கட்டுங்கள். இரண்டு நடையாகப் போங்கள். தம்பிகள் மோட்டார் சைக்கிளில் வரட்டும்.

"கூட்டாளி காடி ரோட்ல நின்னுடுச்சு. கயிறு கட்டி இழுத்துட்டு வரலாமா?"

ஆட்டோ கியர் காடி என்றால் இழுக்காதீர்கள். நியூட்ரலில் போட்டாலும் எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் ஆயில் சுற்றாது, வழியிலேயே கியர்பாக்ஸ் போய்விடும். மேனுவல் என்றால் பக்கத்துப் பட்டறை வரை மெதுவாக இழுக்கலாம். பின்னால் இருப்பவருக்கு ஸ்டியரிங் கனக்கும், பிரேக் பெடலும் இரண்டு மூன்று மிதியில் கெட்டியாகும் என்று முன்பே சொல்லி வையுங்கள். நெடுஞ்சாலையில் இந்த வேலையே வேண்டாம், அங்கே ரோந்து வண்டியைக் கூப்பிடுங்கள்.

கயிறை பம்பரில் கட்டாமல் சேஸ் கொக்கியில் மாட்டுங்கள். சேற்றில் புதைந்ததை எடுக்கும்போது டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் கயிறு மாட்டி வெடுக்கென்று இழுக்கவே கூடாது. குண்டு முறிந்து பறந்தால் ஆளை அடிக்கும்.

"தெலுக் கும்பார்ல படகு டிரெய்லர் இழுக்கணும். டோ பார் மாட்டினா போதுமா?"

டோ பார் சேஸின் இரண்டு பக்கத்திலும் போல்ட் போட்டு நிற்க வேண்டும். வெறும் பம்பரில் வெல்டிங் வைத்ததை நம்பாதீர்கள். டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குண்டின் மேல் உட்கார வேண்டும். 700 கிலோ என்றால் 70 கிலோ. அதைவிடக் குறைந்து பின்பாரமானால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். படகு எஞ்சின் பின்னால் தொங்குவதால் இது அடிக்கடி நடக்கும். படகை இரண்டு சாண் முன்னே தள்ளிக் கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். அந்த 70 கிலோ பின் தொட்டிச் சுமையின் கணக்கிலும் சேரும். டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு, வாங்கும்போதே கிரானைக் கேளுங்கள்.

டிரெய்லர் சக்கர பேரிங் சூடாக இருக்கும்போதே கடலில் இறக்கினால், சட்டென்று குளிர்ந்து உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு தேத்தாரே குடித்துவிட்டு, ஆறிய பிறகு இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி கிரீஸ் அடியுங்கள். பிக்கப்பின் பின் சக்கரமும் கடலில் நனைந்திருந்தால் அதன் டிரம்மையும் கழுவுங்கள்.

"இப்ப டீசல் விலைக்கு இது கட்டுமா?"

2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குப் போனதிலிருந்து பழைய கணக்கு எதுவும் ஓடாது. தினமும் சுமை இருந்தால் கட்டும். வாரத்தில் ஒரு நாள் வேலைக்கு என்றால் வாடகை லோரியே மலிவு.

பம்பில் வருவது பாமாயில் டீசல் கலந்த டீசல். அது பழைய டாங்கியில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும். அதனால் வண்டியை மீண்டும் ஓட்டத் தொடங்கியதும் முதல் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். இன்னொன்றை வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். வண்டி திணறினால் முதலில் அதை மாற்றுங்கள்.

"பக்கத்து வீட்டுக்காரங்க சாமானை ஏத்தி காசு வாங்கலாமான்னு அக்கா கேக்குறாங்க?"

அக்காவிடம் சொல்லுங்கள்: சொந்தக் கடைச் சரக்குக்கு சி உரிமம், பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்ற ஏ உரிமம் என்று அபாட் (தரைப் பொதுப் போக்குவரத்து முகமை) வகை பிரித்திருக்கிறது. வண்டியின் எடையைச் சொல்லி அங்கேயே கேட்டு, அதன்படி பதிந்துகொள்ள வேண்டும். வேலை வண்டியாகப் பதிந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை உண்டு. தனியார் பயன்பாட்டு இன்சூரன்ஸை வைத்துக்கொண்டு கூலிக்கு ஓட்டி விபத்தானால், இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதே அந்தக் கூலியைப் பற்றித்தான்.

"பாலிக் பூலாவ் மலையில சுமையோட இறங்கும்போது பெடல் மெத்தை மாதிரி ஆயிடுச்சு. கீழே வந்து நின்னு ஆறினதும் சரியாயிடுச்சு. ஒண்ணும் இல்லதானே?"

இருக்கிறது. குழாயில் காற்று இருந்திருந்தால் புறப்பட்டபோதே பெடல் மெத்தையாக இருந்திருக்கும். சூட்டில் அமுங்கி, ஆறியதும் சரியானது என்றால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறினால் அது 140 வரை இறங்கலாம். ஆயில் முழுவதையும் மாற்றுங்கள். வண்டிக்கு டாட் 4 பொருந்தும் என்றால் அதையே போடுங்கள். இறங்கும்போது எந்த கியரில் மேடு ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள், பெடலை இழுத்துப் பிடித்துக்கொண்டே வராதீர்கள்.

ஆனால் ஆயில் ஏன் அவ்வளவு சூடாயிற்று என்பதையும் பாருங்கள். அதே இறக்கத்தில் மறுபடி மெதுவாக, பாதிச் சுமையோடு இறங்கி, கீழே நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். முன் சக்கரங்கள் அனலடித்து, பின் டிரம் இரண்டும் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் பின் பிரேக் வேலையே செய்யவில்லை. வீல் சிலிண்டர் இறுகியிருக்கும். சிலிண்டர் புதிது என்றால், அடியில் குனிந்து அந்த வால்வுக் கம்பியைப் பாருங்கள்.